காட்டில் தனியே நடந்தால் கால் ஏன் சுற்றுகிறது?



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்குக் காடு என்ற சொல் புதிதல்ல. விடியற்காலையில் வாளியும் கத்தியுமாகக் கிளம்புகிறவரை, "எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டால், "வெட்டுக்காட்டுக்கு" என்கிறார். ரப்பர் நிரையும் நமக்குக் காடுதான். செம்பனை நிரையும் காடுதான். ஆனால் இன்று நான் பேச வந்தது அந்தக் காட்டைப் பற்றி அல்ல. தோட்டத்து எல்லைக்கு அப்பால், யாரும் நடாமல், யாரும் உரம் போடாமல், தானே வளர்ந்து நிற்கிறதே ஒரு பெருங்காடு, அதைப் பற்றி. பெத்தாய் பறிக்கவோ, மூங்கில் குருத்து வெட்டவோ, தேன் எடுக்கவோ, அல்லது சும்மா மனம் போன போக்கில் உலாவி வரவோ அதற்குள் தனியாகப் போகும் ஒருவருக்கு என்ன நேருகிறது என்பதைப் பற்றி.

எனக்கு நேர்ந்ததையே முதலில் சொல்லிவிடுகிறேன். பெருமைப்படத்தக்க கதை அல்ல. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

பினாங்குத் தீவின் வடமேற்கு மூலையில் தெலுக் பஹாங் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஜோர்ஜ்டவுனிலிருந்து கடற்கரைச் சாலையில் பத்து பெரிங்கியைத் தாண்டிப் போனால் சாலை அங்கே முடிந்துவிடும். சாலை முடியும் இடத்தில் காடு தொடங்குகிறது. முன்பு பந்தாய் ஆச்சே காப்புக்காடு என்று பெயர் பெற்றிருந்த அந்த இடம், 2003ஆம் ஆண்டில் பினாங்கு தேசியப் பூங்கா ஆயிற்று. உள்ளே போகிறவர்கள் நுழைவாயிலில் பெயரைப் பதிந்துகொண்டு போகவேண்டும். சற்றுத் தூரம் போனதும் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று கடலோரமாக முக்கா முனைக்குப் போகிறது. அங்கே 1883இல் கட்டிய கலங்கரை விளக்கம் இருக்கிறது. மற்றொன்று மேட்டில் ஏறி, மறுபுறம் இறங்கி, பந்தாய் கெராச்சுட் என்ற கடற்கரைக்குப் போகிறது. ஆமைகள் முட்டையிட வரும் கரை அது. அதன் அருகே ஓர் ஏரி உண்டு. மேலே நல்ல தண்ணீர், அடியில் உப்புத் தண்ணீர், இரண்டும் கலவாமல் நிற்கும் அதிசய ஏரி.

அந்தக் கெராச்சுட் பாதையில்தான் ஒரு நாள் பிற்பகலில் தனியாக நடந்தேன். பதிவேட்டில் பெயர் எழுதினேன். வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. "கொஞ்சம் வெளியே போய் வருகிறேன்" என்றதோடு சரி. மேட்டின் உச்சிக்கு அருகே, பாதைக்கு வலப்புறத்தில், கண்ணைச் சுற்றி வெள்ளை வட்டம் போட்ட கருங்குரங்குகள் குட்டிகளுடன் கிளை தாவிக்கொண்டிருந்தன. அந்தக் குரங்குக்குப் பிறக்கும் குட்டி மஞ்சள் நிறத்தில் இருக்கும். கேள்விப்பட்டிருந்தேனே தவிர, பார்த்ததில்லை. நன்றாகப் பார்க்கலாமே என்று நாலு எட்டு உள்ளே வைத்தேன். குரங்குகள் நகர்ந்தன, நானும் நகர்ந்தேன். பத்து நிமிடம் கழித்துத் திரும்பினால், பாதையைக் காணோம்.

பதறவில்லை. பாதை இடப்புறம்தானே இருக்கும் என்று இடப்புறமாகவே நடந்தேன். வானம் மூடியிருந்தது. கடலோசை கேட்டது, அதைப் பிடித்துப் போகலாம் என்றால், அந்த மூலை நிலத்துக்கு வடக்கேயும் கடல், மேற்கேயும் கடல். எந்தக் கடல் கேட்கிறது என்று யார் சொல்வது? கால் மணி நேரம் நடந்தபின் விழுந்து கிடந்த ஒரு பெரிய மரத்தை அடைந்தேன். அதன்மேல் வெள்ளைக் காளான் படிப்படியாகப் பூத்திருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு மேலே நடந்தேன். மீண்டும் கால் மணி நேரம் ஆகியிருக்கும். எதிரே ஒரு மரம் விழுந்து கிடந்தது. அதே மரம். அதே காளான்.

உண்மையைச் சொல்கிறேன், அப்போதுதான் எனக்கு வியர்த்தது.

நம் லயங்களில் இதற்கு ஆயத்தமாக ஒரு விளக்கம் இருக்கிறது. காட்டுப் பேய் வழியை மறைத்துவிட்டது என்போம். மோகினி சுற்றிச் சுற்றி இழுத்தாள் என்போம். நம் மலாய் அண்டை வீட்டார் பூனியான் என்ற கண்ணுக்குத் தெரியாத மக்கள் மறைத்துவைத்ததாகச் சொல்வார்கள். எல்லா நாட்டிலும் காட்டோரத்து மக்கள் இப்படிச் சொல்லியே வந்திருக்கிறார்கள். அவர்கள் பார்த்தது பொய்யல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். நேராகப் போகிறோம் என்று நம்பி நடந்தவர் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்பது உண்மைதான். காரணம்தான் வேறு.

ஜெர்மனியில் மாக்ஸ் பிளாங்க் ஆய்வுக்கழகத்தைச் சேர்ந்த யான் சோமன் என்பவரும் அவருடைய தோழர்களும் இதைச் சோதித்துப் பார்த்து, 2009ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். ஆறு பேரைச் சமதளமான ஒரு பெருங்காட்டில் விட்டு, "நேராக நடந்துகொண்டே இருங்கள்" என்றார்கள். அவர்கள் நடந்த வழியை விண்கோள் உதவியால் இடம் காட்டும் கருவி பதிவு செய்தது. வெயில் இருந்தபோது நடந்த இருவர் ஏறக்குறைய நேராகவே போனார்கள். மேகம் மூடியிருந்தபோது நடந்த நால்வரும் வட்டமடித்தார்கள். அவர்களில் மூவர் தாம் முன்பு நடந்த தடத்தையே குறுக்கே கடந்தார்கள். கடந்தது அவர்களுக்குத் தெரியவே இல்லை! துனீசியா நாட்டுப் பாலைவனத்தில் இரவில் நடந்த ஒருவர், நிலவு இருந்தவரை நேராக நடந்தார். நிலவு மேகத்தில் மறைந்ததும் பலமுறை திரும்பி, வந்த திசையிலேயே நடக்கலானார். கண்ணைக் கட்டிவிட்டு நடக்கச் சொன்னபோது, சிலர் 20 மீட்டர் குறுக்களவுக்குள்ளேயே வட்டம் போட்டார்கள். நம் லயத்து வாசலில் பிள்ளைகள் விளையாடும் இடம் அளவுக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை, அதனால்தான் வட்டம் என்று சிலர் சொல்வதுண்டு. அதையும் அளந்து பார்த்தார்கள், அப்படி இல்லை. ஒரே ஆள் ஒரு தடவை இடப்பக்கம் சாய்கிறார், மறு தடவை வலப்பக்கம் சாய்கிறார். நம் உடம்புக்குள் நேர்கோடு என்று ஒன்று இல்லை. ஒவ்வோர் எட்டிலும் மிகச் சிறிய பிழை நேருகிறது. வெளியே ஓர் அடையாளம் தெரிந்தால், சூரியனோ, மலை முகடோ, கோயில் கோபுரமோ, கண் அந்தப் பிழையைத் திருத்திக்கொண்டே வரும். அடையாளம் மறைந்தால் திருத்த ஆள் இல்லை. பிழை பிழையோடு சேர்ந்து வளைந்துகொண்டே போகிறது.

இங்கேதான் தோட்டத்து மக்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. இருட்டு விலகுமுன்பே நிரைக்குள் நுழைந்து, நூற்றுக்கணக்கான மரங்களை வரிசை தவறாமல் சுற்றி வருகிறவர் நீங்கள். பிள்ளைப் பருவம் முதல் அப்படித்தான். அதனால், "எனக்கா வழி தெரியாது?" என்ற துணிச்சல் நமக்கு இயல்பாக வந்துவிடுகிறது. ஆனால் எண்ணிப் பாருங்கள். அந்த நேர்கோட்டை இழுத்தது யார்? கயிறு பிடித்து, முளை அடித்து, குழி தோண்டிக் கன்று நட்டார்களே நம் பாட்டன்மார், அவர்கள். கோடு மரத்தில் இருந்தது. நம் காலில் இருக்கவில்லை. நிரை இல்லாத காட்டில் இருபது வருடம் பால் வெட்டியவரும் பட்டணத்துக் கிராணியும் ஒன்றுதான். பட்டணத்துக்காரர் கொஞ்சம் பயப்படுவார். அதனால் அவருக்கு ஆபத்து சற்றுக் குறைவு என்றுகூட எனக்குத் தோன்றுகிறது.

சூரியனைப் பார்த்துக்கொள்ளலாமே என்பீர்கள். நம் நாடு பூமத்திய ரேகைக்கு அருகில் இருக்கிறது. பினாங்கில் பகல் ஒரு மணி, ஒன்றரை மணிக்குச் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலே நிற்கும். அப்போது நிழல் காலடியில் சுருண்டுவிடும், திசை சொல்லாது. பிற்பகலில் மேகம் கூடும். அதற்கும் மேலே மரக்கூரை இருக்கிறது. மாலை ஏழு மணிக்கு மேல்தான் சூரியன் மறைகிறது என்றாலும், காட்டுக்குள் அரை மணி முன்னதாகவே இருட்டிவிடும்.

தனியாகக் காட்டுக்குள் நடந்து போய்த் திரும்பாதவர்களில், நம் நாட்டில் மிகவும் பேசப்பட்டவர் ஜிம் தாம்சன். தாய்லாந்துப் பட்டு வியாபாரத்தை உலகறியச் செய்த அமெரிக்கர். 1967ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், கேமரன் மலையில் நண்பர்கள் வீட்டில் தங்கியிருந்தவர் உலாவப் போனார். வயது 61. சிகரெட்டையும் மாத்திரை டப்பாவையும்கூட வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார்; நெடுந்தூரம் போகும் எண்ணம் இல்லை என்றுதானே அதற்குப் பொருள்? எங்கே போகிறார் என்று யாரிடமும் சொல்லவில்லை. போலீஸாரும் படைவீரர்களும் காட்டையே வீடாகக் கொண்ட பூர்வகுடியினருமாக நூற்றுக்கணக்கானவர்கள் நாள்கணக்கில் தேடினார்கள். ஒரு துணித் துண்டுகூடக் கிடைக்கவில்லை. கடத்தினார்கள், புலி அடித்தது, உளவு வேலை என்று கதைகள் அதிகம். எனக்கு அந்தக் கதைகளில் அக்கறை இல்லை. எந்தத் திசையில் தேடத் தொடங்குவது என்று தேடப் போனவர்களுக்குத் தெரியாமல் போயிற்றே, அதுதான் என் மனத்தில் நிற்கிறது.

பிழைத்து வந்தவர் கதையும் உண்டு. 1971ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், தென் அமெரிக்காவின் பெரு நாட்டில், 92 பேருடன் பறந்த விமானம் ஒன்று இடிமழையில் சிக்கி வானத்திலேயே உடைந்தது. யூலியானே கோப்கே என்ற 17 வயதுப் பெண் மட்டும், இருக்கையோடு கட்டுண்டபடியே அமேசான் காட்டில் விழுந்து உயிரோடிருந்தாள். கழுத்துப் பட்டை எலும்பு முறிந்திருந்தது. காலில் ஒரே ஒரு செருப்பு. கையில் கொஞ்சம் மிட்டாய். அவளுடன் பயணம் செய்த தாயார் இறந்துபோனார். அந்தப் பெண் 11 நாள் தன்னந்தனியாக நடந்து, ஆற்றங்கரையில் ஒரு குடிசையைக் கண்டு, மரம் வெட்டுகிறவர்களால் காப்பாற்றப்பட்டாள். அவளுடைய பெற்றோர் காட்டு உயிர்களை ஆராய்ந்தவர்கள்; அவளும் அவர்களோடு காட்டில் வாழ்ந்தவள். ஓடையைக் கண்டால் அதன் போக்கிலேயே போ, ஓடை ஆற்றில் சேரும், ஆற்றங்கரையில் மனிதர் இருப்பார்கள் என்று தந்தை சொல்லிக் கொடுத்திருந்தார். அப்படியே செய்தாள்.

இந்தக் கதையைக் கேட்டவர்கள் உடனே, "வழி தவறினால் ஓடையைப் பிடித்து இறங்கவேண்டும்" என்று பாடம் படித்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் படித்திருந்தேன். அந்தக் காளான் மரத்தின் அருகே நின்றபோது, கீழே சலசலவென்று நீரோடும் ஓசை கேட்டது. இறங்கவும் தொடங்கினேன். ஆனால் அமேசான் நிலம் எப்படிப்பட்டது? தட்டையான சமவெளி. பினாங்கு எப்படிப்பட்டது? நடுவே மலை, சுற்றிலும் கடல். கொடிமலையின் உயரம் 833 மீட்டர். அவ்வளவு உயரத்திலிருந்து நீர் சிறிது தூரத்துக்குள் கடலுக்கு இறங்கவேண்டும் என்றால், அது நடந்தா போகும்? குதித்துத்தான் போகும். நம் தண்ணீர்மலைக்கு அந்தப் பெயர் வந்ததே அருவியினால்தானே! ஓடையைப் பிடித்து இறங்குகிறவர் பாசி படிந்த பாறையில் வந்து நிற்பார். அதற்குக் கீழே பள்ளம். மேலே ஏறவும் முடியாது. அங்கே கால் முறிந்தால், நீரின் இரைச்சலில் அவர் கூப்பிடுவது யாருக்கும் கேட்காது. எந்த ஊர்க் காட்டுக்கு எந்த அறிவு என்று பார்க்க வேண்டும். யூலியானேவைத் தேடியவர்களுக்கு அவள் இருக்கும் இடம் தெரியவில்லை. ஆகவே அவள் நடக்க வேண்டியிருந்தது. மலைப்பாதையை விட்டுக் கொஞ்சம் விலகியவருக்கு அப்படியல்ல.

நல்லவேளையாக, பத்தடி இறங்கியதும் கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்ததுதான் என்னைக் காப்பாற்றியது. எழுந்திருக்கவில்லை. தண்ணீர் குடித்தேன். ஒரு பாட்டில் இருந்தது. மணி பார்த்தேன், நாலே முக்கால். சட்டைப் பையில் கைத்தொலைபேசி இருந்தது, ஆனால் அந்தச் சரிவில் அலைவரிசை இல்லை. மேலே ஏறி அந்த மரத்தின்மேல் உட்கார்ந்து, "ஓய்" என்று மூன்று முறை கூப்பிடுவது, பிறகு சும்மா இருந்து கேட்பது, மறுபடியும் மூன்று முறை கூப்பிடுவது என்று தொடர்ந்தேன். கூப்பிடுவதைவிடச் சும்மா இருந்து கேட்பது கடினம், நேயர்களே. அரை மணி நேரம் சென்றிருக்கும். "பாக்சிக், ஜாலான் சினி!" என்று ஒரு குரல். கெராச்சுட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த மலாய் இளைஞர்கள் நாலு பேர். வழி இங்கே இருக்கிறது, பெரியவரே என்கிறார்கள். பாதை எனக்கு நாற்பது எட்டுத் தூரத்தில் இருந்தது. முக்கால் மணி நேரம் நான் அதன் பக்கத்திலேயே சுற்றியிருக்கிறேன்!

நம் காடுகளை நன்கறிந்து எழுதியவர் ஸ்பென்சர் சாப்மன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி. 1942இல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்தபின், மூன்று ஆண்டுக்கு மேல் இங்குள்ள காடுகளில் மறைந்து வாழ்ந்தவர். அவர் 1949இல் வெளியிட்ட நூலின் பெயருக்கே, காடு நடுநிலையானது என்பதுதான் பொருள். காடு பகைவனும் அல்ல, தாயும் அல்ல. அதில் சிக்கிய படைவீரர்கள் பலர் பட்டினியால் சாவதற்கு முன்பே மனம் உடைந்து மாண்டதை அவர் கண்டார். அதே ஆண்டுகளில் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட நம் தோட்டத்து மக்களில், முகாமிலிருந்து தப்பிக் காட்டுக்குள் ஓடியவர்களும் உண்டு. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

ஆகவே வழி தவறிவிட்டது என்று தெரிந்தால், முதலில் உட்காருங்கள். பசிக்கு அஞ்ச வேண்டாம். யூலியானே 11 நாள் மிட்டாயும் தண்ணீருமாகக் கழித்தாள். தெரியாத பழத்தைத் தின்ன வேண்டாம். தண்ணீர் முக்கியம். ஓடை நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும், கால்புண்ணோடு அதில் நிற்காதீர்கள். ஆனாலும் வேறு வழி இல்லாதபோது குடிக்காமல் கிடப்பது அதைவிடக் கெடுதல். இருட்டினால் ஓர் அடிகூட நடக்கக் கூடாது. மழையில் நனைந்த உடம்பு நம் நாட்டுக் காட்டிலும் இரவில் விறைத்துப்போகும். ஈர மண்ணில் படுக்காமல் இலைதழையைக் குவித்து அதன்மேல் உட்காருங்கள். தொண்டை கட்டிவிட்டால், பலகைபோல் வேர் விரித்து நிற்கும் பெரிய மரத்தின் வேரைக் கட்டையால் தட்டுங்கள், பறைபோல் ஒலிக்கும். விசில் இருந்தால் இன்னும் நல்லது. கைத்தொலைபேசியில் பாட்டுக் கேட்டு மின்கலத்தைத் தீர்த்துவிடாமல், 999 என்ற எண்ணுக்காக அதை மிச்சம் வையுங்கள். அலைவரிசை கிடைக்காத இடத்தில் அணைத்து வைத்து, இடையிடையே போட்டுப் பாருங்கள்.

பினாங்குத் தீவுக் காட்டில் புலியும் யானையும் இல்லை. பகாங், பேராக், கிளந்தான் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்கள் அந்தத் தைரியத்தைக் கடன் வாங்கவேண்டாம். பாம்பும் குளவியும் எங்கும் உண்டு. ஆனால் காணாமல் போனவரை வாட்டுவது பெரும்பாலும் இவை அல்ல, ஓட்டம்தான். பயந்து ஓடியவர் விழுகிறார், அல்லது தேடுகிறவர்கள் பார்த்து முடித்த பக்கத்துக்கு நகர்ந்துவிடுகிறார்.

தாய்மார்களே, இனிச் சொல்லப்போவது வீட்டில் இருக்கும் உங்களுக்கு. காட்டுக்குப் போனவர் பொழுது சாய்ந்தும் வரவில்லை என்றால், 24 மணி நேரம் கழிந்த பிறகுதான் போலீஸ் புகாரை வாங்கும் என்று யாராவது சொல்வார்கள். அது தவறு. அப்படி ஒரு விதி இல்லை. உடனே 999ஐக் கூப்பிடுங்கள். போலீஸும் பொம்பாவும் வரும். பூசாரியிடம் குறி கேட்கவேண்டும் என்றால் கேளுங்கள், அது உங்கள் நம்பிக்கை. ஆனால் புகார் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். சொந்தக்காரர்கள் இருபது பேர் பாராங் எடுத்துக்கொண்டு இரவில் காட்டுக்குள் பாய்வதும் உதவி அல்ல. காலடித் தடமெல்லாம் அழிந்துவிடும். தேடவேண்டியவர் எண்ணிக்கையும் கூடிவிடும். அவர் எத்தனை மணிக்குக் கிளம்பினார், என்ன நிறச் சட்டை, காலில் என்ன, எந்த ஓரமாக நுழைந்தார், மோட்டார் சைக்கிள் எங்கே நிற்கிறது, தினமும் சாப்பிடவேண்டிய மாத்திரை உண்டா, இவற்றைச் சொல்ல ஒருவர் வீட்டில் இருக்கவேண்டும். கைத்தொலைபேசி எண்ணையும் சொல்லுங்கள்.

தனியாகப் போகவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். காட்டில் தனியே நடப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. கூட்டமாய்ப் போனால் அந்த மஞ்சள் குட்டியைப் பார்த்திருக்க முடியாது. ஆம், பார்த்துவிட்டேன். தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, பழுத்த மாம்பழத் தோல் நிறத்தில் இருந்தது.

அன்று நான் வீடு திரும்பியபோது இரவு எட்டரை மணி. மனைவி திட்டவில்லை, சோற்றைப் போட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தார். மறுநாள் அடுப்பங்கரைச் சுவரில் தொங்கும் நாள்காட்டிக்குப் பக்கத்தில் நூலில் கட்டிய ஒரு பென்சில் தொங்கிற்று. எங்கே போகிறேன், எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று அந்தத் தேதிக் கட்டத்திலேயே எழுதிவிட்டுத்தான் இப்போதெல்லாம் வாசற்படி இறங்குகிறேன். எழுதிய நேரத்துக்கு மேல் ஒரு மணி நேரம் பொறுப்பதாக அவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார். அதற்கு மேல் பொறுக்கமாட்டாராம்.